ஆவிக்குத் தெரியாத உத்தரியம்

அத்தியாயம் 9

குட்டிக்கானம் ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி ஓடைத் தண்ணீரைப் பிடித்து வந்தார். முதலில் தான் குடித்துவிட்டு, மிச்சத்தை ரேடியேட்டரில் ஊற்றினார்.

"சீனியாரிட்டிப்படி ஊத்துதாரு சார்," என்றான் உதவியாள் பாஸ்கல்.

துப்பறியும் ரத்தினசாமி சிரிக்கவில்லை. நேற்று பாலக்காட்டில் ஏறியது. இரவு கோட்டயம் பஸ் நிலையத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தபடியே கழிந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. மடக்கினால் நிமிர மறுத்தது. போலீஸ் வேலையை விட்டபோது, இனிமேல் பஸ்ஸில் அலைய வேண்டாம் என்பதுதான் அவருடைய ஒரே சந்தோஷமாக இருந்தது. தனியாகத் துப்பறிவது என்றால் பாதிக்கு மேல் பஸ்தான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

"சன்னலோரம் எனக்குக் குடுப்பா. காத்து வேணும்."

"எனக்கு வாந்தி வரும் சார். இந்தப் பக்கம் இருந்தா ரோட்டுக்குப் போவும். அந்தப் பக்கம் இருந்தா ஒங்களுக்கு."

ரத்தினசாமி கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் பாகீரதியின் முகம் வந்தது.

போன ஐப்பசியில் பம்பாயிலிருந்து கொச்சிக்குக் கிளம்பிய விமானம், ஏறிய சற்று நேரத்தில் கடலோரச் சேற்றில் விழுந்து எரிந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. கல்பாத்தி வெங்கிடேஸ்வரன் அதில் இருந்தான். குழந்தைக்கு அம்மை போட்டிருந்ததால் மனைவி பாகீரதியைப் பம்பாயில் விட்டுவிட்டு, ஊர்த் தேருக்குத் தனியாகக் கிளம்பியிருந்தான். இப்போது பாகீரதியும் நான்கு வயது வாலாவும் கல்பாத்தியில் மாமனார் யக்ஞநாராயணன் வீட்டில் இருக்கிறார்கள்.

இந்த ஆடி மாதம் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து யக்ஞநாராயணனுக்கு ஆள் வந்தது. சரஸ்வதியம்மாள் என்று ஒருத்தி. அந்த விமானத்தில் செத்தவர்கள் அவள் வாயால் பேசுகிறார்களாம். கிழவர் போனார். மகன் பேசினான். பாகீரதிதான் ரயில் வேண்டாம், ப்ளேனில் போங்கள் என்று சொன்னாள் என்றான்.

அதோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை ஆப்திகம். வருஷ முடிவுக் காரியம் ஆனதும் பாகீரதி திருச்சூரில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும், குழந்தை இங்கே இருக்கும் என்று கிழவர் சொல்லிவிட்டார். மகனை அனுப்பிக் கொன்றவளிடம் பேத்தியை விட முடியாதாம்.

பாகீரதி ரத்தினசாமியின் அறைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ப்ளேன்ல போங்கோன்னு சொன்னது நான்தானாக்கும். லீவு கொஞ்சம், ரயில்ல போனா வழியிலேயே தீந்துடும்னு சொன்னேன். ராத்திரி, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சொன்னது. வேற யாரோடயும் சொன்னதில்லை. அவர் நெஜமாவே வந்து சொன்னார்னா நான் போயிடறேன். அவர் சொல்லலைன்னா வாலாவை விட மாட்டேன். எனக்கு அது மட்டும் தெரியணும்."

அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த அலைச்சல். பத்து நாளாகச் சித்தூரைச் சல்லடை போட்டாகிவிட்டது. காத்திருக்கும் கூட்டத்தில் வாய் பிடுங்க ஆள் வைத்திருக்கிறாளா என்று பார்த்தார்கள். இல்லை. கல்பாத்தி வீட்டு வேலைக்காரி, பால்காரர், காரியம் செய்துவைக்கும் வாத்தியார் எல்லோரையும் விசாரித்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. சரஸ்வதியம்மாள் காசும் வாங்குவதில்லை. ஒரு தேங்காய் கொண்டுபோனால் போதும். அதையும் உடைத்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

"துட்டு வாங்காத திருடிய எனக்குப் புடிக்கலப்பா," என்று ரத்தினசாமி அன்றைக்கே சொன்னார். "எங்க புடிக்கறதுன்னே தெரிய மாட்டேங்குது."

மிஞ்சியது ஒரே நூல். அதைக் கொண்டுவந்தது பாஸ்கல். சித்தூர்க் கூட்டத்தில் கத்தரீனாள் என்ற அம்மாளோடு பேசியிருக்கிறான். ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள். பம்பாயில் நர்ஸாக இருந்த மகள் அன்னமேரி, ஒரு நோயாளிக்குத் துணையாக அதே விமானத்தில் வந்தவள். 'அம்மா, உத்தரியம் என் கழுத்துல கெடந்துச்சு, நெருப்பு என்னத் தொடல' என்று, தாய் உத்தரியத்தைப் பற்றி வாயே திறக்காதபோது, மகள் பேசினாளாம். கத்தரீனாள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாளாம், சந்தோஷத்தில்.

"அந்தம்மாகிட்டயே எல்லாம் கேட்டாச்சு. அப்பறம் எதுக்கப்பா இந்த மலை ஏறறோம்?"

"புருசனுக்காவ சார். மிக்கேல்ராஜ் அண்ணாச்சிய எனக்குத் தெரியும். மாதா கோயில் உபதேசியாரு. பொண்டாட்டி ஊருக்கு வந்து இந்தச் சேதியச் சொல்லியிருக்கா. மனுசன் சோத்துல கை வைக்காம எந்திரிச்சு வெளிய போயிட்டாராம். அப்படிப்பட்ட நல்ல சேதிய கேட்டுட்டு எவனாவது பட்டினி கெடப்பானா?"

ரத்தினசாமி அப்போதுதான் கண்ணைத் திறந்தார். பஸ் மறுபடி கிளம்பியது.

*

ஏலப்பாறையில் மழை விட்டிருந்தது. தோட்டத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் கல்லடுக்கிக் கட்டிய கெபிக்குள் மாதா சொரூபம் நின்றது. அதன் கீழே வழிந்து உறைந்திருந்த மெழுகை ஒரு கிழவர் செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பாஸ்கலைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"அடேய், பீர்மேட்டு அந்தோணி மவனா நீ? பாலக்காட்டுல திருடன் புடிக்கேன்னு சொன்னாக. வெளங்குமால நாடு."

"இன்னும் ஒருத்தனும் மாட்டல அண்ணாச்சி. நாடு நல்லாத்தான் இருக்கு."

மிக்கேல்ராஜ் சிரித்தார். பாஸ்கல் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"ஆவிகிட்டக் கேக்கப் போறது பாவம்னு நானே கோயில்ல வாசிச்சிருக்கேன். எம் பொஞ்சாதியே போயிட்டு வந்திருக்கா. அதுல நான் சொல்லுததுக்கு என்ன இருக்கு? கொழுந்து நிறுக்க சங்கு ஊதிட்டா அவ வந்துருவா. கெளம்புங்க."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றனுங்க," என்றார் ரத்தினசாமி. ஈரப் படியில் மெதுவாக உட்கார்ந்தார். நின்று கேட்கிற தெம்பு இல்லை. "அன்னைக்கு ஏனுங்க சோறு திங்காம எந்திரிச்சீங்க?"

மிக்கேல்ராஜ் கத்தி முனையில் ஒட்டியிருந்த மெழுகைத் துடைத்தார். பிறகு சொரூபத்தின் பின்னால் கை விட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். பழுப்புத் துணித் துண்டு இரண்டு, ஒரு கயிற்றில் கோத்தது. ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு சின்னச் சிலுவை.

பாஸ்கல் சட்டைப் பையிலிருந்த கையை எடுத்தான்.

"உத்தரியம் சார்," என்றான் தணிந்த குரலில். "கழுத்துல போடுறது. இதப் போட்டுக்கிட்டுச் செத்தா நித்திய நெருப்பு தொடாதும்பாக."

"எம் மவளுது," என்றார் மிக்கேல்ராஜ். "அந்தச் சிலுவை அவ அம்மா தச்சது. நான் பம்பாயில இருந்து திரும்பி வந்து, இந்தக் கெபியத் தூசி தட்டயில, மாதாவுக்குப் பொறத்தால தொங்குச்சு. கடைசி லீவுக்கு வந்தவ போட்டுட்டுப் போயிருக்கா. ஆபரேசன் நடக்குத எடத்துல கழுத்துல நூலு கூட கெடக்கப்பிடாதாம். பொட்டியில வைக்க மனசு வரல போல. அம்மைகிட்டச் சொன்னா சண்டை. மாதாகிட்டக் குடுத்துட்டுப் போயிட்டா."

"ஊட்ல தெரியாதுங்களா?"

"எப்படிச் சொல்ல? அவ போனது நெருப்புல. உத்தரியம் இருக்குல்லாங்கிற ஒரே நம்பிக்கையிலதான் எம் பொஞ்சாதி எந்திரிச்சு வேலைக்குப் போறா."

ரத்தினசாமி துணியைக் கையில் வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் நெற்றிச் சுருக்கம் மெல்ல விரிந்தது.

"பாஸ்கலு. ஆவி என்ன சொல்லுச்சு?"

"உத்தரியம் கழுத்துல கெடந்துச்சுன்னு. செத்த பொறவு ஞாபக மறதி வருமா சார்?"

"மறதி இல்லப்பா. தன்ற கழுத்துல என்ன இருந்துச்சு, என்ன இல்லேன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியும். தெரியாதது இவருக்கு. ஆவி பேசுனது புள்ளைக்குத் தெரிஞ்சதை இல்ல. அப்பன் தப்பா நெனச்சதை." அவர் கிழவரிடம் திரும்பினார். "உத்தரியம் போட்டிருந்தான்னு நீங்க ஆருகிட்டச் சொன்னீங்க?"

"இங்க ஒருத்தர்ட்டயும் சொல்லல. வந்ததும்தான் இது கையில கெடச்சிட்டே."

"அதுக்கு முன்னால?"

மிக்கேல்ராஜ் யோசித்தார். "பம்பாயில. செத்தவுக சொந்தக்காரங்க எல்லாரையும் ஒரு ஹால்ல உக்கார வச்சிருந்தாக. அடையாளம் சொல்லச் சொன்னாக. கழுத்துல உத்தரியம் கெடக்கும், கழுத்துல உத்தரியம் கெடக்கும்னு வந்த ஆபிசர் எல்லார்ட்டயும் சொன்னேன். கூட வேல பாத்த நர்சுப் பிள்ளை ஒண்ணு வந்து, நாங்க கழுத்துல ஒண்ணும் போட மாட்டோம் அப்பான்னுச்சு. எம் மவ கழட்ட மாட்டான்னு அதையும் ஏசினேன். ஹால் முச்சூடும் கேட்டிருக்கும்."

"பக்கத்துல ஆருங்க இருந்தது?"

"ஒரு அம்மா. பாஷை தெரியாத ஊருல தமிழ்ப் பேச்சக் கேட்டதும் அவுகளே வந்து பக்கத்துல உக்காந்தாக. ஒங்கள மாதிரியே ஏனுங்க, ஏனுங்கன்னு பேசுவாக. ஊரு பேரெல்லாம் விசாரிச்சாக. எல்லாருக்கும் தண்ணி மோந்து குடுத்தாக. ஒரு ஐயர் வீட்டுப் பொண்ணு, காய்ச்சல் கண்டவ மாதிரி அவுக மடியில தலைய வச்சு, என்னமோ பொலம்பிக்கிட்டே கெடந்துச்சு. பம்பாய்ல குடியிருந்த பொண்ணாம்."

பாஸ்கலும் ரத்தினசாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாகீரதி யாரிடமும் சொல்லவில்லை என்றது பொய்யல்ல. சொன்னது அவளுக்கே தெரியாது.

"அந்தம்மாவுக்கு ஆரு செத்தது?"

"அதத்தான் அவுக சொல்லவே இல்ல." மிக்கேல்ராஜ் குரல் இறங்கியது. "பேரு கூப்பிடுவாக. கூப்பிட்டவுக எந்திரிச்சுப் போயி அடையாளம் காட்டணும். ஒரு பேர மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாக. ஒருத்தரும் எந்திரிக்கல. அப்பம் எல்லாம் அந்தம்மா பெஞ்ச இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தாக. எனக்கு அந்தப் பெஞ்சு ஆடுனது தெரியும். நான் கேக்கல."

தூரத்தில் சங்கு ஊதியது. சரிவில் கூடை சுமந்த பெண்கள் நிறுவைக் கொட்டகையை நோக்கி இறங்கத் தொடங்கினார்கள்.

ரத்தினசாமி எழுந்திருக்க முயன்றார். பாஸ்கல் கை கொடுத்தான்.

"இந்த உத்தரியத்த எனக்குக் குடுக்கோணுமுங்க. அந்த ஐயர் ஊட்டுப் பொண்ணு சொன்னா மாமனார் நம்ப மாட்டாரு, தப்பிக்கப் பொய் சொல்றாம்பாரு. சித்தூர் அம்மா இல்லேன்னு சாதிக்கலாம். ஆவி தப்புச் சொல்லுச்சுங்கறதுக்கு என்ற கையில வேற ஒண்ணும் இல்ல."

"எம் பொஞ்சாதிக்குத் தெரியாம இருக்குமா?"

"சத்தியம் பண்ண முடியாதுங்க. ஒரு எடத்துல காட்டுனா ஊரெல்லாம் போயிரும்."

மிக்கேல்ராஜ் சரிவைப் பார்த்தார். இறங்கி வரும் கூடைகளில் எது கத்தரீனாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கைக்குட்டையை மறுபடி சுற்றினார். முடிச்சுப் போட்டார். அவிழ்த்து, இன்னும் இறுக்கமாகப் போட்டார்.

"அந்தப் பொண்ணு அழுததப் பாத்தவன் நான்," என்று சொல்லிவிட்டு ரத்தினசாமியின் கையில் வைத்தார். "சீக்கிரம் போயிருங்க. அவ பாத்தா டீ போடுவா. டீயக் குடிச்சுட்டா ஒங்களால இதக் கொண்டுபோவ முடியாது."

*

வியாழக்கிழமை காலை சித்தூர். சரஸ்வதியம்மாள் வீட்டு முற்றத்துப் பலா நிழலில் ஏழெட்டுப் பேர் தேங்காயோடு உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்கல் முழுப் பயணத்திலும் தூங்காமல் வந்திருந்தான். ஆனாலும் வாய் ஓயவில்லை.

"சார், சட்டினி வைக்கிற யோகம் இந்தம்மாவுக்குத்தான். பொட்டுக்கடலை மட்டும் யாராவது கொண்டுவந்தா சரியாப் போவும்."

"வாய மூடிட்டு வாப்பா."

உள்ளே இருட்டான அறை. ஒரு விளக்கு, பாய், சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்த ஒரு மெலிந்த பெண். ஐம்பது வயதிருக்கும். பழைய சேலை. தலைப்பின் ஓரத்தில் அரக்குக் கரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்து போயிருந்தது. ரத்தினசாமி எதிர்பார்த்து வந்தது ஒரு சாமர்த்தியக்காரியை. இந்த முகத்தில் இருந்தது அசதி மட்டும்தான். அவர் தினமும் கண்ணாடியில் பார்க்கிற அசதி.

"ஆருக்காக வந்திருக்கீங்க?" என்றாள் கண்ணை மூடியபடி.

"பம்பாய் ஹால்ல ஒரு பேரக் கூப்பிட்டாங்க. கூப்பிட்டுட்டே இருந்தாங்க. எந்திரிக்காம உக்காந்திருந்தாங்க ஒரு அம்மா. அவியளுக்காக வந்திருக்கறனுங்க."

அவள் கண்ணைத் திறந்தாள். கத்தவில்லை, மறுக்கவில்லை. எழுந்து போய் வெளியே இருந்தவர்களிடம் இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எந்திரிச்சா ஆமான்னு ஆயிருமல்லங்க," என்றாள். "அதனால எந்திரிக்கல. என்ற பையன் மோட்டார் கம்பெனில இருந்தான். கொச்சிக்கு மிசின் பாக்கப் போடான்னு அனுப்புனாங்க. நானும் அவனும்தான் பம்பாயில இருந்தோம். கடைசீல ஆருமே வராத பொணம்னு சர்க்காரே எரிச்சுப் போட்டாங்களாம்."

ரத்தினசாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

"ஊருக்கு வந்தேன். அவன் செத்தான்னு இங்க ஒருத்தருக்கும் சொல்லல. கண்ண மூடுனா பேச்சுக் கேக்குதுங்க. அந்த உபதேசியார் மவ பேசுறா. கல்பாத்திப் பையன் பேசுறான். என்ற பையன் ஒருத்தன் மட்டும் பேசலீங்க. கோவமோ என்னமோ. மத்தவிய சேதியெல்லாம் அவியவிய ஊட்டுல சேத்துட்டா, அவன்ற முறை வரும்னு நெனச்சேன்."

பாஸ்கல் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

"அது அவிய பேச்சுத்தானா, அந்த ஹால்ல கேட்ட பேச்சாங்க?" என்றார் ரத்தினசாமி.

"கேக்குதுங்க. ஆரு கொரல்னு பிரிக்கத் தெரியல."

"கல்பாத்திப் பையன் சொன்னதா நீங்க சொன்னதுல, அவன்ற சம்சாரத்தத் தொரத்தப் போறாங்க. கொழந்தையப் புடுங்கிட்டு. நாளைக்கு."

அவள் முகம் மாறியது. "என்ற மடியில கெடந்த புள்ளையவா? நான் அப்படியா சொன்னேன்? அவ ஆசையாச் சொன்னா, நானும் ஆசையாப் போனேன்னுதானுங்க சொன்னேன்!"

"பெரியவர் பாதியோட நிறுத்திட்டாருங்க."

உத்தரியம் ரத்தினசாமியின் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"கல்பாத்திக்கு வருவீங்களா?"

அவள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். வாசலுக்கு வந்ததும் நின்றாள். "ஏலப்பாறை அம்மா மறுக்கா வந்தா என்னங்க சொல்றது?"

"இனி சேதி சொல்ல உக்காருறதில்லேன்னு சொல்லுங்க. முன்னால சொன்னதப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

*

கல்பாத்தியில் தேருக்கு இன்னும் சில நாள்தான். தேர்ச் சக்கரங்களைக் கழுவி வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். வடம் தெருவோரம் நீளக் கிடந்தது. யக்ஞநாராயணன் வீட்டு வாசலில், நிலைக்கு வெளியே ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க அதற்குப் பொறுமை இல்லை போலும்.

கிழவர் சரஸ்வதியம்மாளைக் கண்டதும் கைகூப்பிக்கொண்டு வந்தார். ரத்தினசாமி சொல்லச் சொல்ல அந்தக் கைகள் மெல்ல இறங்கின.

"நான் கேட்டது என் பையன் பேச்சு," என்றார். "இந்தம்மா பம்பாய்ல இருந்தாளாம், இந்தம்மா மடியில பாகீரதி படுத்துண்டாளாம். யார் கண்டா? பாகீரதி உங்களை ஏற்பாடு பண்ணினா. நீங்க இந்தம்மாவை மெரட்டி அழைச்சுண்டு வந்திருக்கேள். ருசு இல்லாத வார்த்தையை நான் எப்படி நம்பறது?"

"நெசமுங்க சாமி," என்றாள் சரஸ்வதியம்மாள்.

"நீங்க அன்னிக்குச் சொன்னதும் நெஜம்னுதானே சொன்னேள்?"

ரத்தினசாமியின் கை சட்டைப் பைக்குப் போனது. பாஸ்கல் அந்தக் கையைப் பார்த்தான். கைக்குட்டை முடிச்சு விரலில் தட்டியது. முடிச்சு இறுக்கமாக இருந்தது.

"நீங்களா?"

கதவருகே பாகீரதி நின்றாள். இடுப்பில் குழந்தை. அவள் யாரையும் பார்க்கவில்லை, சரஸ்வதியம்மாளின் சேலைத் தலைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையை இறக்கி விட்டாள். வாசலுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மடித்து வைத்த புடவைகளைக் கலைத்து, அடியிலிருந்து ஒரு துணி நாடாவை எடுத்தாள். அரக்குக் கரை. ஒரு விரல் அகலம்.

"ஹால்ல இருந்து என்னை ஆத்துக்குக் கொண்டுவிட்டப்போ தலை பின்னியிருந்தது. இதால கட்டியிருந்தது. யார் பின்னினா, யார் கட்டினான்னு எனக்கு ஒண்ணும் தெரியலை. ஒரு முகமும் ஞாபகம் இல்லை. ஆனா எறியத் தோணலை."

"முடி ஒரே சிக்கு," என்றாள் சரஸ்வதியம்மாள். "கட்டறதுக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. அதான் கிழிச்சேன்."

பாகீரதி நாடாவைக் கிழிந்த தலைப்போடு வைத்தாள். இழை இழையாகச் சேர்ந்தது. ஓரிடத்தில் கிழிசல் கோணலாக வளைந்திருந்தது. நாடாவும் அதே இடத்தில் வளைந்தது. கிழவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

ரத்தினசாமி வெறும் கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

"அப்போ அவன் ஒண்ணுமே சொல்லலையா?" யக்ஞநாராயணன் கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை.

"உங்க பையன் பேசலீங்க," என்றாள் சரஸ்வதியம்மாள். "உங்க மருமவ பேசுனதுதானுங்க. என்னால போனாரு, என்னால போனாருன்னு. நீங்க கேட்டது அவ அழுததை."

கிழவர் பெட்டியை மூடினார். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். நெஞ்சு நோயாளி. பாஸ்கல் பதறிப்போய் ஓடினான்.

"விடுங்கோ. வெளியில வச்சது நான்தான்."

நிலைப்படியைத் தாண்டிப் பெட்டியை உள்ளே வைக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. வாலா கூடவே நடந்து, பெட்டியின் மறுபக்கத்தை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். சரஸ்வதியம்மாளைப் பார்த்தார்.

"உங்க பையனுக்கு யார் காரியம் பண்ணினா?"

"ஆரும் இல்லீங்க."

"நாளைக்கு எள்ளும் ஜலமும் விடறச்சே, யாரும் இல்லாதவாளுக்கும் சேர்த்து விடறதுண்டு. வாத்தியார்கிட்டச் சொல்றேன். பேர் என்ன?"

அவள் கை பிடிமானம் தேடியது. அங்கே பெஞ்சு எதுவும் இல்லை. கிடைத்தது பாகீரதியின் தோள்.

"பொங்கியண்ணனுங்க," என்றாள். பிறகு ஒருமுறை, உரக்க: "பொங்கியண்ணன்."

*

பாலக்காடு பஸ் நிலையத்தில் ரத்தினசாமி டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலில் தைலம் மணத்தது. சட்டைப் பையில் கைக்குட்டை முடிச்சு அப்படியே இருந்தது.

"தபால்ல அனுப்பிரலாம் சார். நல்லாப் பொதிஞ்சு, பதிவுத் தபால்ல."

"எஸ்டேட்ல தபால ஆரு வாங்குவா?"

பாஸ்கல் யோசித்தான். "காலைல ஆள் கூடுத பெரட்டுக் களத்துல பேரு கூப்பிட்டுக் குடுப்பாக. வேலைக்குப் போறவுக வாங்குவாக." நிறுத்தினான். "கத்தரீனாள் அக்காதான்."

"ம்."

"நான் மட்டும் போயிட்டு வாரேன். நீங்க படுத்துக் கெடங்க. ஒங்க முட்டி சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது."

"நான் வாங்குனது. நான்தான் குடுக்கோணும்."

கோட்டயம் பஸ் வந்து நின்றது. ரத்தினசாமி கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறு காலை இழுத்து ஏறினார். இந்தத் தடவை அந்த வீட்டில் டீ கொடுத்தால் குடிக்கலாம்.

பாஸ்கல் முன்னால் ஓடி இடம் பிடித்திருந்தான். அவர் வந்ததும் நகர்ந்து, சன்னலோரத்தை விட்டுக்கொடுத்தான்.

"வாந்தி?" என்றார் ரத்தினசாமி.

"அடக்கிக்கிடுதேன் சார்," என்றான் பாஸ்கல்.